பார்க்கச் சொன்ன படம்

சாஜிதா பானு செய்தித்தாளில் சுருட்டிக் கொண்டுவந்த படத்தை ஆசிரியர் அறை மேசையின்மீது விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு நோட்டுப் புத்தகங்களைப் பாரமாக வைத்தபோது, ரெனியின் கண்ணில் முதலில் பட்டவை அந்தக் குழந்தையின் கன்னங்கள்தாம். பாகில் ஊறிய ரப்பரைப் போல் அவை பளபளத்தன. கண்கள் நீலம். பல் முளைக்காத வாயில் பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்பு. தலையில் ரோஜா நிறப் பட்டி கட்டி, அதை ஒரு பூசணிக்காய்க்குள் உட்கார வைத்திருந்தார்கள். அது எந்த நாட்டுக் குழந்தை, யார் பெற்றது, இப்போது அதற்கு எத்தனை வயது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சங்கரன்கோவிலில் பிள்ளையுண்டான பெண்கள் படுத்திருந்த அறைகளில் பாதியிலாவது அது தொங்கியிருக்கும்.

“இதோட இருபத்தெட்டு,” என்றாள் ரெனி.

“இருபத்தெட்டையும் வீட்டுல அடுக்கி வச்சிருக்கீங்களே, கனவுல வந்து மேல ஏறித் தவழாதா டீச்சர்?”

“நீங்க இத எங்க மாட்டியிருந்தீங்க?”

“தொழுகுத வீட்டுல உருவப்படம் மாட்டக் கூடாதுல்லா. அதனால எங்க மாமி பீரோக் கதவுக்கு உள்பக்கமா ஒட்டிட்டாங்க. காலையில தொழுதுட்டு வந்து பீரோவத் தொறந்துக்கிட்டுப் பத்து நிமிசம் நிக்கணும். நாலு மாசம் நின்னேன். பானு எத்தனை சேலைதான் எடுப்பான்னு கொழுந்தன் கேக்கான்.”

“பலன் இருந்துச்சா?”

“எம் மகன் வாசிம் எங்க மாமனார உரிச்சு வச்சிருக்கான், மூக்கு உட்பட. அந்த மூக்கப் பாத்துரக் கூடாதுன்னுதான் பீரோவுக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு நின்னேன்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. ரெனி அதைத் திரும்பவும் சுருட்டினாள்.

பிள்ளையுண்டானவள் அழகான குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் அதே அழகோடு குழந்தை பிறக்கும் என்பது ஊரில் பலருடைய நம்பிக்கை. பேருந்து நிலையத்துக்கு எதிரே சாமி படமும் நடிகர் படமும் விற்கிற கடையில், அவற்றுக்கு நடுவே இந்தக் குழந்தைகளும் விற்பனைக்குத் தொங்குகின்றன. ஐந்தாம் மாதத்தில் மாமியார் ஒன்றை வாங்கி வருவாள். கட்டிலுக்கு எதிரே மாட்டுவாள். காலையில் கண்ணைத் திறந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பாள். குழந்தை சிவப்பாகப் பிறந்துவிட்டால் பெருமை படத்தைச் சேரும். கறுப்பாகப் பிறந்துவிட்டால் குற்றம் பார்த்தவளைச் சேரும்.

பெண்கள் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் ரெனி, ஓராண்டாக அந்தப் படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். திருவேங்கடத்துப் புன்செயிலிருந்து இருசக்கர வாகனத்தில் கொண்டுவந்த கரிசல் மண்ணைச் சலித்து, பசையோடு குழைத்து, படம் முழுவதையும் மூடிப் பூசுவாள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பெண்ணை ஒருமணி நேரம் தன் எதிரே உட்கார வைப்பாள். மண் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது கோணி ஊசியால் கீறி, அவளுடைய முகத்தை வரைவாள். கீறிய இடத்தில் அடியிலிருக்கும் குழந்தையின் நிறம் வெளிப்படும். அந்தக் குழந்தையின் ரோஜா நிறமே கோடாகி, பெற்றவளின் கண்ணடிக் குழியாகவும், கடித்த உதடாகவும், நெற்றிச் சுருக்கமாகவும் மாறும். பார்க்க வைக்கப்பட்டவளை ஒருவரும் பார்த்ததில்லை. இனிப் பார்க்கட்டும் என்பது அவளுடைய எண்ணம்.

நூலக மாடியில் அந்தப் படங்களை மகளிர் தின வாரத்தில் காட்சிக்கு வைக்க வாசகர் வட்டச் செயலாளர் பேச்சிராஜா ஒப்புக்கொண்டிருந்தார். முதல் தவணையாகக் கொண்டுபோன பத்துப் படங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்தபோது, அவர் அவற்றுக்கு முன்னால் இரண்டு முறை நடந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ‘தாய்மையைப் போற்றுவோம்’னு பேனர் அடிச்சாச்சு. இதப் பாத்தா எழவு வீட்டுல உக்காந்திருக்க பொம்பளைங்க மாதிரில்லா இருக்கு. ஒருத்தி மூஞ்சியிலயாவது ஒரு சிரிப்புப் போட்டுருங்களேன்.”

“சிரிச்சவங்க யாரும் இல்ல அண்ணாச்சி. உள்ளதத்தான் வரைஞ்சிருக்கேன்.”

“எங்க வீட்டுல மூணு பிள்ளையும் சிரிச்சுக்கிட்டேதான் பெத்தா.”

“நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

“அப்ப நான் ஒரு சோலியா மதுரைக்குப் போயிருந்தேன்,” என்றார் பேச்சிராஜா. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “மூணு தடவையும்,” என்று தாமே சேர்த்துக்கொண்டார். அவர் மோசமான மனிதர் அல்லர். ஆயினும் அந்தப் பேனரில், மல்லிகைச் சரம் சூடிய ஒரு தாய் கண்ணை மூடிக் குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். அவளுடைய சேலையில் பால் கறை இல்லை. கண்ணில் தூக்கமின்மை இல்லை. அவளுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. ரெனி அதற்குமேல் அங்கே நிற்க மாட்டாமல் படியிறங்கினாள்.

அன்று, செவ்வாய்க்கிழமை மாலை, வீடு திரும்பியபோது, கொழுந்தன் பிரேம்சிங்கின் மனைவி ஜெபிஷா அறையில் படுத்திருந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். அவளுக்கு எதிர்ச்சுவரில் புதிதாக ஓர் ஆணி அடிக்கப்பட்டு, அதில் ஒரு படம் தொங்கியது. சூரியகாந்திப் பூவின் நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளைக் குழந்தை. இடது மூலையில் ஈரம் பட்டுப் படிந்த பழுப்புக் கறை. அந்தக் கறையை ரெனி எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவளுக்கு எதிரே தொங்கிய படம் அது.

மாமியார் ஞானரத்தினம் ஒரு துணியால் அதன் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். பிள்ளை வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுகிறவர்களைக் கண்டால், ‘அஞ்ஞானம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவாள். தான் சுவரில் மாட்டும் படம் மட்டும் அஞ்ஞானத்தில் சேராது; அது மனோதத்துவம்.

“அத்தை, இந்தப் படம் எனக்கு வேணும்.”

“எதுக்கு, சகதி பூசவா?”

“ஆமா.”

“ஊர்ல போயி எரந்து வாங்குதேல்லா, அது பத்தாதா? இது ஜெபிஷாவுக்கு.”

“எனக்கு முன்னால அஞ்சு மாசம் தொங்குச்சே. அப்ப என்ன செஞ்சுச்சு?”

“நீ பாத்தாத்தானட்டி. நான் எட்டிப் பாக்கும்போதெல்லாம் நீ ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து, எதிர்த்த மனையில கெடந்த எருமைய வரைஞ்சுக்கிட்டிருந்த. வேலைய ஒழுங்காச் செய்யாம படத்துமேல குத்தம் சொல்லாத.”

விடைத்தாளைத் திருத்துகிற குரலில் அவள் அதைச் சொன்னாள். ரெனிக்கு அந்த வாக்கியம் பழக்கமானதுதான். மருத்துவமனையில் துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்த கையோடு, “படத்தப் பாத்தியா இல்லையாட்டி?” என்று அவள் முதன்முதலில் கேட்டாள். அன்றிலிருந்து எட்டு ஆண்டுகளாக, விருந்துக்கு வருகிறவர்களிடமும் சபையாரிடமும் தாழ்ந்த குரலில் அதையே விளக்கி வந்தாள். எப்சிபா காதில் விழாதபடி சொல்வதைத் தன் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

எப்சிபா ரெனியின் ஒரே மகள். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை அவளுக்குப் பழுப்பு நிற மச்சம் ஒன்று உண்டு. அதனால் எந்தத் தீங்கும் இல்லை என்று மருத்துவர் அன்றே சொல்லிவிட்டார். பள்ளியில் முதல் நாள் பிள்ளைகள் கேட்டபோது, “பொறந்ததுல இருந்தே இருக்கு,” என்று அவள் பதில் சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறர் தத்தம் மூக்கைச் சுமப்பதுபோல் அவள் அந்த மச்சத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள். அது ஒரு பிழை என்று அவளுக்குத் தெரியாது. தன் தாய் ஒழுங்காகப் பார்க்காததால் நேர்ந்த பிழை என்று சொந்த வீட்டிலேயே பேசப்படுவது அறவே தெரியாது. அது தெரியாமல் அவள் வளர வேண்டும் என்பதை மட்டும் ரெனி எட்டு ஆண்டுகளாகக் காத்து வந்தாள். இப்போது அந்தப் படம், அவள் நாளுக்கு இருபது முறை நுழைந்து வெளியேறும் அறையில், எதற்காகத் தொங்குகிறது என்று கேட்கும்படி தொங்கியது.

ஞானரத்தினம் வெளியே போன பிறகு ரெனி கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஜெபிஷா, நீ வேண்டாம்னு சொன்னா அத்தை கழட்டிருவாங்க.”

“ஒரு படந்தானக்கா. சொன்னா அவங்க மனசு நோகும். நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்.”

“எப்சி கேப்பா.”

“அவ சின்னப் பிள்ளதான.” ஜெபிஷா தன் வயிற்றின்மீது சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். “ஆனா அக்கா, ஒருவேளை...”

அவள் அதை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அவளுடைய பார்வை, கூடத்தில் கால்களைப் பரப்பி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எப்சிபாவின் கன்னத்துக்குப் போய், சுட்டுக்கொண்டதுபோல் திரும்பி வந்தது. ரெனியிடம் அன்பாகப் பழகுகிறவள் அவள். எப்சிபாவுக்குத் தலை வாரிப் பின்னி விடுகிறவள். அந்த ‘ஒருவேளை’, ஞானரத்தினத்தின் எட்டு ஆண்டுப் பேச்சைவிட ரெனிக்குக் கூடுதலாக அருவருத்தது.

அந்தக் கணமே படத்தைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். அவள் கிழிக்கவில்லை. கிழியாத படமாக அது அவளுக்கு வேண்டியிருந்தது. நூலகச் சுவரின் நட்டநடுவில் தன்னுடைய முகத்தைக் கீறித் தொங்கவிட அவள் ஒதுக்கி வைத்திருந்த இடம் அதற்குத்தான். சனிக்கிழமை திறப்பு. அதற்குள் எப்படியாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று நான்கு நாட்களைத் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்தவள் நடையில் செருப்பைக் கழற்றும்போதே அந்த ஓசையைக் கேட்டாள். தெருவிலுள்ள விசைத்தறிகளின் சத்தத்துக்கு நடுவே, ஈரத் துணியால் எதையோ விடாமல் தேய்க்கும் ஓசை.

படம் கட்டிலின்மீது கிடந்தது. ஞானரத்தினம் அதன்மேல் குனிந்து, முந்தானை நுனியில் எச்சில் தொட்டுத் தொட்டுக் குழந்தையின் இடது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கெட்ச் பேனாவின் பழுப்பு மை கன்னத்திலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து பூவிதழுக்கும் இழுபட்டிருந்தது. அருகே தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி. ஜெபிஷா சுவரோடு ஒட்டி நின்றாள். எப்சிபா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, பாட்டியின் கை போகும் திசையெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலக்கையில் பேனாவின் மூடி இருந்தது.

“என்ன இது?” என்றாள் ரெனி.

“நான்தாம்மா வரைஞ்சேன்,” என்றாள் எப்சிபா. “படத்தப் பாத்தா பாப்பா அதே மாதிரி வரும்னு சித்தி சொன்னாங்க. எனக்குத் துணைக்கு என்னைய மாதிரி வரட்டும்னு மச்சம் போட்டேன். ஆச்சி அழிக்காங்க.”

“பின்ன அழிக்காம?” ஞானரத்தினம் நிமிரவில்லை. “ஒண்ணு பத்தாதா இந்த வீட்டுக்கு? ஒங்கம்மா அன்னைக்கு ஒழுங்காப் படத்தப் பாத்திருந்தா ஒனக்கே இந்தக் கறை வந்திருக்காது. அவதான் பாக்கல. இவளாவது பாக்கட்டும்னு மாட்டி வச்சா, நீ வந்து...”

மை போகவில்லை. அவள் நகத்தால் சுரண்டினாள். பளபளப்புத் தாள் உரிந்து சுருண்டது. கன்னம் இருந்த இடத்தில் புண்ணைப்போல் வெள்ளையாக அடித்தாள் தெரிந்தது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. எச்சில், எண்ணெய், எலுமிச்சை மூன்றும் கலந்த புளித்த வாடை அறையில் எழுந்தது. எப்சிபா பேனா மூடியைக் கீழே போட்டாள். பிறகு, எட்டு வயதில் முதன்முறையாக, தன் இடது கன்னத்தைக் கையால் மூடினாள்.

ஜெபிஷா வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவித் திரும்பி வந்தவள், வாசற்படியைப் பிடித்து நின்றுகொண்டு, “அத்தை, வேற படம் வாங்கிட்டு வந்துராதீங்க,” என்றாள்.

“அப்படியா? பொறந்த பொறகு என்னைச் சொல்லக் கூடாது.”

“உங்களச் சொல்ல மாட்டேன். யாரையும் சொல்ல மாட்டேன்.”

ஞானரத்தினம் கையை முந்தானையில் துடைத்தாள், கிண்ணத்தை எடுத்தாள், எலுமிச்சை மூடியைப் பொறுக்கினாள். எதையும் சிந்தாமல் எடுத்துக்கொண்டு, அறையை விட்டுப் போகும்போது, “இனி இது எதுக்கு ஆகும்? கொண்டுபோயி உன் சகதியப் பூசு,” என்று ரெனியிடம் சொன்னாள்.

நான்கு நாட்களாகக் கேட்ட படம் கைக்கு வந்துவிட்டது. அதைத் தொடவே ரெனியின் விரல் கூசியது. அந்த அருவருப்பு மாமியாரோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமையே கிழித்திருந்தால் இந்தக் கை இந்தக் கன்னத்துக்குப் போயிருக்காது. முழுப்படமாக வேண்டும் என்று காத்திருந்தவள் அவள்தான்.

எப்சிபா பின்கட்டில், குழைத்து வைத்திருந்த கரிசல் மண் வாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். ரெனி எதிரே அமர்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்: ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது, ஆச்சியும் நம்புகிறாள், அது பொய், மச்சம் படத்தைப் பார்ப்பதாலும் வராது, பார்க்காததாலும் வராது. எப்சிபா வகுப்பில் பாடம் கேட்பதுபோல் கேட்டாள்.

“ஆச்சி நம்புதாங்க. சித்தியும் கொஞ்சம் நம்புதாங்க,” என்றாள். “நீ?”

“நான் நம்பல.”

“எப்பவுமேவா?”

பிள்ளை பிறந்த நாற்பது நாளும், மடியில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமோ, எருமையை வரைந்திருக்கக் கூடாதோ என்று எண்ணியவள் அவள். ஒருவருக்கும் தெரியாமல், பாலூட்டிக்கொண்டே, அந்தப் படத்தை உற்று உற்றுப் பார்த்திருக்கிறாள். பிறந்துவிட்ட பிள்ளைக்கு அதனால் என்ன ஆகும் என்று அவளுடைய படித்த புத்தி கேட்கவில்லை.

“கொஞ்ச நாள் நம்புனேன்,” என்றாள். “நீ பொறந்த புதுசுல.”

“அப்ப நான் நல்லா இல்லன்னு நெனைச்சியா?”

“நான் தப்புப் பண்ணிட்டேன்னு நெனைச்சேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள் எப்சிபா. கன்னத்தை நோக்கி நீண்ட ரெனியின் கையை விலக்கினாள். “நீ சாரி சொல்லணும். ஆச்சியும் சொல்லணும்.”

ரெனி சொன்னாள். பிறகு எழுந்து ஞானரத்தினத்தின் அறைக்குப் போனாள். அவள் வேறு சேலை உடுத்து, மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பெண்கள் சங்கத்துக்குச் சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

“எப்சி உங்களக் கூப்பிடுதா அத்தை. நீங்க வருத்தம் தெரிவிக்கணுமாம்.”

“எதுக்கு?”

“அது உங்களுக்குத் தெரியலயா?”

“பெரியவங்க சின்னப் பிள்ளகிட்ட வருத்தம் தெரிவிக்கிற வழக்கம் நம்ம குடும்பத்துல கெடையாது. அவளுக்கு ஒரு ஆப்பிள் நறுக்கிக் குடு, மறந்துருவா.” ஞானரத்தினம் எழுதிய வரியின் கீழ் அளவுகோலை வைத்துக் கோடிட்டாள். ரெனி அந்தக் கையையே பார்த்தாள். நகக்கண்ணில் பழுப்பு மை இன்னும் இருந்தது.

மண்ணைப் பூசி மூடினால் தேய்த்த இடமும் சேர்ந்து மறைந்துவிடும். ரெனி வாளியை மூடிவைத்தாள். படத்தை உள்ளபடியே ஓர் அட்டையில் ஒட்டினாள்.

மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது, எப்சிபா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நானும் வாரேன்.”

“அங்கன நெறைய ஆள் வருவாங்க எப்சி. உன்னைப் பாப்பாங்க.”

“தெரியும். படத்த நான்தான் கொண்டு வருவேன்.”

அவள் முந்தைய நாள்வரை நடந்ததுபோல் நடக்கவில்லை. இடது பக்கம் ஆள் வரும்போதெல்லாம் முகம் தானாகத் திரும்புவதையும், உடனே அதை அவளே நேராக்கிக்கொள்வதையும் ரெனி பின்னாலிருந்து பார்த்தாள். அதைத் தடுக்க ரெனியால் இனி ஆவது ஒன்றும் இல்லை.

நூலக மாடியில் இருபத்தெட்டுப் பெண்கள் கரிசல் மண்ணிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘தாய்மையைப் போற்றுவோம்’ பேனர் படிக்கட்டின் மேல் கட்டப்பட்டிருந்தது. சாஜிதா பானு தன் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டு, தன் மாமியாரிடம் அது வேறு யாரோ என்று சாதித்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பேச்சிராஜா சுத்தியலோடு ஓடி வந்து எப்சிபாவிடமிருந்து அட்டையை வாங்கினார், வெளிச்சத்துக்குத் திருப்பினார், நெற்றியைச் சுருக்கினார்.

“டீச்சர், இது கன்னத்துல கிழிஞ்சிருக்கே. வழியில கொண்டு வரும்போது எங்கயும் பட்டுட்டா? இத எப்படி நடுவுல மாட்ட?”

ரெனி வாயைத் திறப்பதற்குள் எப்சிபா முன்னால் வந்தாள். வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கிழியல மாமா,” என்றாள். “எங்க ஆச்சி தேய்ச்சது.”

பேச்சிராஜா குழந்தையின் முகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அவர் கையிலிருந்த சுத்தியல் மெல்லத் தாழ்ந்தது.

“மாட்டுங்க,” என்றாள் எப்சிபா. “எனக்கு எட்டுத உயரத்துல.”